கொடுத்ததும் பெற்றதும்: சிறுவர் கதைகளிற் பண்டமாற்றும் பணமும் சொல்லும்

சிறுவர்க்குக் கதை சொல்வது எதற்காக என்ற வினாவிற்கு நம்மிடையே ஆயத்தமாக இரு விடைகள் உள்ளன. கதை நீதியைப் புகட்டுகின்றது என்பது ஒன்று. கதை சொல்வளத்தைப் பெருக்கி வாசிப்புக்கு வழி செய்கின்றது என்பது மற்றையது. முதலாவது விடை பழையது. இரண்டாவது, ஆசிரியப் பயிற்சியின் வழியாகவும் சிறுவர் நூலகங்களின் வழியாகவும் பிற்காலத்திற் பரவியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பாராமல் ஒரே பக்கத்தில் வாழ்ந்து வருகின்றன. கதை முடிந்ததும் அதன் நீதி ஒரு வரியிலே தரப்படுகின்றது. அதன் கீழே அருஞ்சொற்களும் பொருளும் தரப்படுகின்றன. நீதிக்கும் அருஞ்சொல்லுக்கும் உள்ள தொடர்பு யாது என்று எவரும் வினவுவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்து நோக்க இயலாத கதைவகை ஒன்று உண்டு. அது கொடுக்கல் வாங்கல் பற்றிய கதை. பண்டமாற்றிலும் வாணிகத்திலும் ஒரு பொருளின் பெயரை அறிந்தவன், அளவின் பெயரை அறிந்தவன், விலையைச் சொல்ல அறிந்தவன் ஒருவகையில் நடத்தப்படுகிறான். அறியாதவன் வேறொரு வகையில் நடத்தப்படுகிறான். இங்கே சொல்லறிவு அலங்காரமன்று, அது பாதுகாப்பு. எனவே இத்தகைய கதைகளைக் கொண்டு சிறுவர்க்கு மொழி கற்பிக்கும்போது எச்சொற்களைக் கொடுக்கிறோம், எச்சொற்களை மறைக்கிறோம் என்பது முக்கியமான வினாவாகின்றது. நம்மிடையே வழங்கும் சில கதைகளை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் எல்லை.

குரங்கின் கதையும் இரண்டாம் வேற்றுமையும்

தமிழ்ச் சிறுவர் பெரும்பாலோர் ஏதோ ஒரு வடிவிற் கேட்டிருக்கும் கதை, வால் இழந்த குரங்கின் கதை. முள் தைத்த வாலோடு குரங்கு நாவிதரிடம் செல்கிறது. முள்ளை எடுக்க முயன்ற நாவிதரின் கத்தி வாலை அறுத்துவிடுகிறது. வாலைத் தா, இன்றேற் கத்தியைத் தா என்று குரங்கு அடம்பிடித்துக் கத்தியைப் பெறுகிறது. கத்தியைக் கிழவி ஒருத்தியிடம் கொடுத்து விறகைப் பெறுகிறது. விறகைத் தோசை சுடுபவளிடம் கொடுத்துத் தோசையைப் பெறுகிறது. தோசையைக் கொடுத்து மேளத்தைப் பெறுகிறது. ஈற்றில் மரத்தின் மீதேறி, இழந்தவற்றையும் பெற்றவற்றையும் வரிசையாகச் சொல்லி மேளம் கொட்டுகிறது. 1890 இல் கிங்ஸ்கோட் அம்மையாரும் நடேச சாஸ்திரியாரும் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்தியக் கதைத் தொகுதியில் இது இடம்பெற்றுள்ளது. பஞ்சாபில் வழங்கும் எலியின் கலியாணக் கதையும் இதற்கு நெருங்கிய உறவினது. நாட்டார் கதைகளை வகைப்படுத்திய அறிஞர் இலாபகரமான பண்டமாற்று என்ற பெயரில், 1655 என்னும் எண்ணின் கீழ், இவ்வகைக் கதைகளைத் தொகுத்துள்ளனர்.

இக்கதை வாசிப்புக் கற்பித்தலுக்கு ஏன் இவ்வளவு பொருத்தமாக அமைகின்றது என்பதைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். மீண்டும் மீண்டும் வருதலாற் பிள்ளை மனனஞ் செய்கிறது என்று கூறி நிறுத்திவிடுதல் போதாது. கதை முழுவதும் ஒரே வாக்கிய அமைப்பின்மீது நிற்கின்றது: ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குதல். அமைப்பு மாறாதிருக்கப் பெயர்கள் மட்டும் மாறுகின்றன. அப்பெயர்கள் மாறும்போது நிகழ்வதென்ன? வால் என்பது ஐயுருபு ஏற்று வாலை என நேரே நிற்கின்றது. கத்தி என்பது யகர உடம்படுமெய் பெற்றுக் கத்தியை என்றாகின்றது. விறகு என்பது ஈற்று உகரம் கெட்டு விறகை என்றாகின்றது. மேளம் என்பது அத்துச் சாரியை பெற்று மேளத்தை என்றாகின்றது. இலக்கண நூலிலே தனித்தனி விதிகளாகக் கிடப்பவை இங்கே ஒரு குரங்கின் பிடிவாதத்தினாற் பிள்ளையின் காதுக்கும் கண்ணுக்கும் வரிசையாக வந்து சேர்கின்றன. ஐயுருபை அடுத்து வல்லினம் மிகும் என்ற விதியும் அவ்வாறே. கத்தியைக் கொடுத்து, விறகைக் கொடுத்து, மேளத்தைக் கொட்டி என்று வாசித்த பிள்ளைக்கு அவ்விடத்து ஒற்று இல்லாதிருந்தாற் செவியே குறை சொல்லும்.

மற்றொன்றும் உண்டு. வீட்டிலே குடுத்து என்று சொல்லும் பிள்ளை நூலிலே கொடுத்து என்று காண்கிறது. பேச்சுவழக்குக்கும் எழுத்துவழக்குக்கும் இடையே உள்ள தூரம் நம் சிறுவர் வாசிப்பின் முதல் மேடு. பொருள் முன்பே தெரிந்த கதையில் அம்மேட்டை ஏறுவது எளிது. அடுத்து என்ன வரும் என்று பிள்ளை ஊகிக்கிறது. ஊகித்ததை எழுத்திலே சரிபார்க்கிறது. ஊகமும் சரிபார்த்தலும் சேர்ந்ததே வாசிப்பு. இவ்வளவிற்குக் குரங்கின் கதை எந்தப் பாடநூல் ஆசிரியரும் முயன்று ஆக்கியதைவிடச் சிறந்த பாடம் என்பதில் ஐயமில்லை.

வால் முளைத்ததா?

மொழியமைப்பு இவ்வளவு நேர்த்தியாக இருக்க, அது சுமந்து வரும் பொருள் யாது? பொதுவாக ஆசிரியர் இக்கதைக்குச் சாமர்த்தியம் என்ற நீதியைத் தருவர். இழப்பையும் இலாபமாக்கலாம் என்பர். அவ்வாறு கூறுமுன் குரங்கோடு மாற்றுச் செய்தவர்களைப் பார்க்கவேண்டும். நாவிதர் இழந்தது அவருடைய தொழிற்கருவி. மேளக்காரர் இழந்ததும் தொழிற்கருவியே. கிழவி இழந்தது அவள் உழைப்பின் பயன். மேளத்தைக் கொடுத்துத் தோசையைப் பெற ஒருவர் இணங்குகிறார் என்றால், அவ்விணக்கத்தின் பெயர் பசி. ஆக, நிகழ்வது சமமானோர் இருவர் மனமொத்துச் செய்யும் பண்டமாற்று அன்று. முதலாவது மாற்று நட்டஈட்டின் பெயரால் நிகழ்ந்த மிரட்டல். இறுதி மாற்று தேவையின் நெருக்குதலால் நிகழ்ந்த விற்பனை. சில வடிவங்களில் ஒவ்வொரு மாற்றும் மிரட்டலாகவே வருகின்றது. இரவலாகக் கொடுத்து, பயன்படுத்தி முடிந்தபின் திருப்பித் தா என்று கேட்டுக் குரங்கு அடுத்த பொருளைப் பறிக்கின்றது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலே ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் கேட்போனது நிலையைக் காட்டுவன என்று வகுக்கப்பட்டுள்ளது. இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பர். ஒரு பொருளைக் கேட்கும் சொல்லிலேயே சமூக உறவு பதிந்திருக்கிறது என்பதைத் தமிழிலக்கணம் அத்துணை முற்காலத்திலேயே கண்டுகொண்டது. குரங்கு தா என்று கேட்கிறது. ஒப்போனின் சொல்லை எடுத்து, ஒப்பில்லாத மாற்றை நடத்துகிறது. இச்சூக்குமத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட விளக்க முடியும். நாம் விளக்குவதில்லை.

நாம் விளக்காவிடினும் பிள்ளைகள் காண்கின்றனர். கடந்த விடுமுறையில் மலையகத் தோட்டம் ஒன்றிலே மாலைநேர வாசிப்பு வகுப்பொன்றில் இக்கதையை வாசித்தேன். வழக்கம்போலக் கத்தி, விறகு, தோசை, மேளம் என்று பலகையில் எழுதி, எது போய் எது வந்தது என்று கேட்டேன். பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தனர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. முடிந்தபின் அவள் கேட்டது இது: “அக்கா, அப்புறம் கொரங்குக்கு வாலு மொளைச்சிச்சா?” எனக்கு விடை தெரியவில்லை. இலாபகரமான பண்டமாற்று என்ற தலைப்பின் கீழ் அறிஞர் அடக்கிய கதையில், எல்லா மாற்றுக்கும் பின்னர் திரும்பி வராத ஒன்று இருக்கிறது என்பதை அவள் கண்டாள். கத்திக்கு விறகு ஈடாகலாம். வாலுக்கு மேளம் ஈடாகாது. ஈடு என்ற சொல்லை நான் அன்று பலகையில் எழுதவில்லை. எழுதியிருக்கவேண்டிய சொல் அதுவே என்று இப்போது நினைக்கிறேன்.

இரு சாதகக் கதைகள்

இந்நாட்டிற் சிங்கள மக்களிடையே பதினான்காம் நூற்றாண்டு முதல் நூல்வடிவில் வழங்கிவரும் சாதகக் கதைகளில் மூன்றாவதும் நான்காவதும் வாணிகம் பற்றியவை. பாளியிலுள்ள இக்கதைகள் அயலார் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாதவை. ஒரே தீவின் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளிற் கேட்கும் கதைகள்.

நான்காவதான சுள்ளசெட்டி சாதகத்தில், வறிய இளைஞன் ஒருவன் வீதியிற் கிடந்த இறந்த எலியை எடுத்து, பூனைக்கு இரையாக விற்றுச் சிறு காசொன்றைப் பெறுகிறான். அதற்கு வெல்லம் வாங்கி, பூப்பறித்துக் களைத்து வருவோர்க்கு வெல்லமும் தண்ணீரும் கொடுத்துப் பூப் பெறுகிறான். காற்றில் முறிந்து விழுந்த கிளைகளை அரசனின் தோட்டத்திலிருந்து அகற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டு, விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்க்கு வெல்லம் கொடுத்து வேலையை முடிக்கிறான்; விறகைக் குயவனுக்கு விற்கிறான். புல்லறுப்போர் ஐந்நூறு பேருக்குத் தண்ணீர் கொடுத்து நட்பாக்கி, குதிரை வாணிகன் வரும் நாளில் ஆளுக்கொரு கட்டுப் புல் பெற்று, தன் புல் விற்கும்வரை அவர்கள் தங்கள் புல்லை விற்காதிருக்கச் செய்கிறான். ஈற்றில் மோதிரத்தை ஈடு வைத்துக் கப்பற் சரக்கைக் கடனுக்கு வாங்கி, அதிற் பங்கு தேடி வந்த வாணிகர்களிடம் இரண்டு இலட்சம் பெறுகிறான்.

சொல்வளம் என்ற அளவிற் பார்த்தால் குரங்கின் கதையிலும் இது செழிப்பானது. காசு, கூலி, விலை, ஈடு, கடன், பங்கு, இலாபம் என்று வாணிக வாழ்வின் சொற்கள் யாவும் உரிய ஒழுங்கிலே வருகின்றன. குரங்கின் கதையில் இயக்கம் பொருளிலிருந்து பொருளுக்குச் செல்வது; இங்கே இயக்கம் காசிலே தொடங்கிப் பெருங்காசிலே முடிவது. 1867 இல் வெளிவந்த மூலதனம் நூலின் முதற்பாகத்தில் மார்க்ஸ் பிரித்துக் காட்டிய இருவகைச் சுழற்சிகளின் வேறுபாட்டை இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வாசிக்கும் பிள்ளை, அப்பெயர்களை அறியாமலே உணரக்கூடும்.

ஆயின் இக்கதைக்கு நாம் வழக்கமாகத் தரும் நீதி முயற்சி என்பதே. எலியைக்கொண்டு செல்வனானவன் முயற்சியுடையவன் என்பதில் ஐயமில்லை. எனினும் தோட்டத்துக் கிளைகளைச் சுமந்தவர்கள் சிறுவர்கள். அவர்கள் பெற்ற கூலி வெல்லம். கிளைகளின் விலை அவர்களைச் சேரவில்லை. புல் வாணிகத்தில் அவன் செய்தது, பிறர் பண்டத்தைச் சந்தைக்கு வராமல் நிறுத்தி வைத்துத் தன் விலையைப் பெற்றது. கடைமுகப்பிற் பண்டமில்லை என்று சொல்லி உள்ளே வைத்திருப்பதைப் பதுக்கல் என்று நம் சந்தை மொழி கூறும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே எரிவாயுவிற்கும் பால்மாவிற்கும் வரிசையில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் பதுக்கல் என்ற சொல்லை வீட்டிலேயே கற்றுக்கொண்டவர்கள். அச்சொல்லை அவர்கள் வகுப்பிற் சொன்னால், கதையின் நீதிக்கு மாறானது என்று நாம் தடுப்போமா? தடுப்போமாயின் நாம் கற்பிப்பது சொல் அன்று, மௌனம்.

மூன்றாவதான சேரிவாணிச சாதகம் இதனினும் ஆழமானது. நலிந்துபோன குடும்பமொன்றிலே பாட்டியும் பேத்தியும் இருக்கின்றனர். பேத்தி அணிகலன் ஒன்றை விரும்ப, வீட்டிற் கிடந்த அழுக்கேறிய பழைய கலத்தை மாற்றாகக் கொடுக்கப் பாட்டி முன்வருகிறாள். அது பொன் என்பதை இருவரும் அறியார். முதல் வாணிகன் ஊசியாற் கீறிப் பொன் என்று கண்டும், அரைக்காசும் பெறாது என்று எறிந்துவிட்டுச் செல்கிறான். பின்னர் வந்த வாணிகன் இது இலட்சம் பெறுமதியான பொன் என்று உண்மையைச் சொல்கிறான். தன் கையிலிருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு காசு பெறுமதியான சரக்கையும் கொடுத்துக் கலத்தைப் பெறுகிறான். தராசையும் பையையும் வழிச்செலவுக்கு எட்டுக் காசையும் மட்டுமே தனக்கென வைத்துக்கொள்கிறான். பேராசைக்காரன் திரும்பி வந்து ஏமாந்து நெஞ்சு வெடித்து மாள்கிறான்.

நேர்மை வென்றது என்பது இதன் நீதி. கணக்கைப் பார்ப்பின், நேர்மையாளன் கொடுத்தது பெறுமதியின் நூற்றில் ஒரு பங்கு. அவன் நேர்மையாளனாவது கொடுத்த விலையால் அன்று, சொன்ன சொல்லால். பொருளுக்கு அதன் உண்மைப் பெயரைச் சொன்னான். முதல் வாணிகன் செய்த குற்றமும் பெயரைத் திருடியதே. பாட்டிக்கும் பேத்திக்கும் இல்லாதது பொன் அன்று. தம்மிடமுள்ளது பொன் என்ற அறிவு. சொல்லறிவு எதற்காக என்று ஒரு பிள்ளை கேட்டால் இக்கதையை விடையாகச் சொல்லலாம். ஆயினும் நம் வகுப்பறையிற் பேராசைக்காரனின் சாவே விரித்துரைக்கப்படுகின்றது. பாட்டியின் அறியாமை ஏன், எவ்வாறு வந்தது என்பது பேசப்படுவதில்லை.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது கிரிம் சகோதரர் 1819 இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் உள்ள ஹான்ஸ் என்பவனின் கதை. ஏழாண்டு உழைத்துப் பெற்ற பொற்கட்டியைக் குதிரைக்கும், குதிரையைப் பசுவிற்கும், பசுவைப் பன்றிக்கும், பன்றியை வாத்துக்கும், வாத்தைச் சாணைக்கல்லுக்கும் மாற்றி, அக்கல்லும் கிணற்றில் விழ, சுமை நீங்கியது என்று மகிழ்ந்து வீடு செல்கிறான். அமைப்பிற் குரங்கின் கதையைத் தலைகீழாக்கியது இது. நகைப்புக்குரியவனாக ஹான்ஸைக் காட்டுவதா, விடுதலை பெற்றவனாகக் காட்டுவதா என்பதைக் கதை சொல்வதில்லை. அம்முடிவின்மையே அதன் சிறப்பு. வகுப்பிலே பிள்ளைகளை இரு பக்கமாகப் பிரித்து வாதிட வைக்கக்கூடிய கதை இது. ஏழாண்டு உழைப்பு எங்கே போயிற்று என்ற வினாவிற் பெறுமதி என்ற சொல் தானாகவே பிறக்கும்.

பண்டமாற்று என்னும் பழங்கதை

சிறுவர்க்குப் பணத்தைப் பற்றிச் சொல்லும் பாடங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்குகின்றன. ஆதியில் மனிதர் பண்டமாற்றுச் செய்தனர். ஆடு வைத்திருந்தவனுக்கு அரிசி தேவைப்பட்டது. அரிசி வைத்திருந்தவனுக்கு ஆடு தேவைப்படவில்லை. ஆகவே பணம் கண்டுபிடிக்கப்பட்டது. இது வரலாறு என்ற உருவில் வரும் மற்றொரு கதை. 1776 இல் அடம் ஸ்மித் எழுதிய நாடுகளின் செல்வம் பற்றிய நூலின் வழியாகப் புகழ்பெற்ற விளக்கம். மானிடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985 இல் எழுதிய கட்டுரையில், முற்றிலும் பண்டமாற்றினாலேயே இயங்கி, பின்னர் அதிலிருந்து பணத்தைத் தோற்றுவித்த சமுதாயம் எதற்கும் சான்று இல்லை என்று காட்டினார். டேவிட் கிரேபர் 2011 இல் வெளியிட்ட கடன் பற்றிய நூல் இதனை மேலும் விரித்தது. அயலாரிடையே கடனும் கொடையும் நம்பிக்கையுமே முதன்மையாக இருந்தன என்பதும், பணம் பழகியவர்களுக்குப் பணம் கிடையாதபோது பண்டமாற்றுப் பெருகுகின்றது என்பதும் இவ்வாய்வுகள் தரும் தெளிவு.

இதற்குச் சான்று தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. சங்கப் பாட்டுக்களில் உமணர் உப்புக்கு நெல்லை மாற்றுகின்றனர். மீன் கொடுத்து நெல் பெறுகின்றனர். அதே காலத்திற் பொன்னும் காசும் புழங்கின. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் மோர் விற்று நெல் பெறுகிறாள். நெய்யின் விலைக்குப் பொன்னை ஏற்காது பசுவையும் எருமையையும் பெறுகிறாள். பொன் இல்லாமையாலன்று, பொன் இருந்தும் அவள் வேண்டாமையால் நிகழ்ந்த பண்டமாற்று அது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிற் பழைய நாணயங்கள் கிடைத்துள்ளன; அந்நாணயங்கள் கைமாறிய காலத்திலும் அயல் வயல்களில் நெல்லே கூலியாக அளக்கப்பட்டிருத்தல் கூடும். பண்டமாற்று ஒரு படி, பணம் அதற்கு மேற்படி என்ற ஏணி இங்கே பொருந்தவில்லை.

அண்மைக்கால அனுபவமும் இதனையே காட்டும். 1990 இல் வடபகுதி மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபின், கையிற் காசு இருந்தும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பெற முடியாத நிலையை ஒரு தலைமுறை கண்டது. 2022 செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பணம் நிலையான அளவுகோல் என்று பாடநூல் சொல்ல, அவ்வளவுகோல் சுருங்குவதைப் பிள்ளை கடையிற் கண்டது. அவ்வாண்டுக்கு முன் அச்சான சிறுவர் நூல்களில் உள்ள விலைகள் இன்று அப்பிள்ளைக்குப் பழங்கதை. 1872 இல் நடைமுறைக்கு வந்த ரூபாவும் சதமும் என்ற பிரிவிற் சதம் இன்று கணக்குப் புத்தகத்திலன்றிக் கையிலே காண்பதரிது. இவற்றை மறைத்து ஆடும் அரிசியும் என்று தொடங்கும் கதை, வரலாற்றையும் பிழையாகச் சொல்கின்றது. பிள்ளையின் கண்ணையும் நம்ப மறுக்கின்றது.

யாருடைய சொல்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் ஆக்கிய பாலபாடங்கள் நம் சிறுவர் வாசிப்பு நூல்களுக்கு வழிகாட்டின. அவற்றிலே பொருள் பற்றிய பேச்சுக் களவு, சூது, தருமம் முதலிய தலைப்புக்களின் கீழ் வருகின்றது. அதாவது, செல்வம் பாவத்தின் வழியாகவோ புண்ணியத்தின் வழியாகவோ பிள்ளையின் முன் தோன்றுகின்றது. அளத்தல், நிறுத்தல், விலை பேசுதல், கைமாற்று வாங்குதல் ஆகிய அன்றாட நிகழ்ச்சிகள் வாசிப்பு நூலைச் சேராமற் கணக்கு நூலைச் சேர்ந்தன. நாவலரின் காலத்துக்கும் நோக்குக்கும் அது இயல்பே. ஆயின் அப்பிரிவினை இன்றும் நீடிப்பதற்கு நியாயம் இல்லை.

இதன் விளைவாக, பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் கொடுக்கல் வாங்கற் சொற்கள் பாடசாலை வாயிலிலே தங்கிவிடுகின்றன. தோட்டப்புறத்திலே பெயர் என்பது ஒரு நாட் சம்பளத்திற்குரிய பதிவு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பெயர். ஒரு மனிதரின் ஒரு நாளைப் பாதியாக்கும் சொல் அது. அச்சொல்லை நாளாந்தம் கேட்டு வளரும் பிள்ளைக்கு வகுப்பிலே பெயர் என்றாற் பெயர்ச்சொல் மட்டுமே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கொத்தும் பறையும் சுண்டும் அடைவும் தெரியும். கரையோரப் பிள்ளைக்கு மீன் ஏலத்தின் மொழி தெரியும். இச்சொற்கள் கொச்சை என்றோ வட்டார வழக்கு என்றோ ஒதுக்கப்பட, அவ்விடத்திற்குச் சிக்கனம், சேமிப்பு என்ற சொற்கள் வருகின்றன. சேமிக்க ஏதுமற்ற வீட்டின் பிள்ளைக்குச் சிக்கனத்தைப் போதிக்கும் கதை, வறுமையை அவ்வீட்டாரின் குற்றமாக்கிவிடுகின்றது.

எழுத்தறிவிற்கும் கடனுக்கும் உள்ள தொடர்பை மலையக வரலாறு கசப்பாகக் கற்பித்துள்ளது. துண்டு என வழங்கிய சீட்டு ஒன்று இருந்தது. தொழிலாளரின் பேரிலுள்ள கடன் தொகையைக் குறித்து, அத்தொகையைச் செலுத்தும் மற்றொரு தோட்டத்திற்கு அவர்களை விடுவிக்கத் தோட்ட நிர்வாகம் இணங்குவதாக எழுதப்பட்ட காகிதம் அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை, தம்மைக் கைமாற்றிய எழுத்தை வாசிக்க அறியாதவர்களாகவே அத்தொழிலாளரில் மிகப்பலர் இருந்தனர். பொற்கலத்தை அறியாத பாட்டியின் கதை அவர்களுக்குப் பாளியிலிருந்து வரவேண்டிய கதையன்று.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரெய்ரே, 1963 இல் அங்கிகோஸ் என்ற ஊரிலே தொழிலாளர்க்கு எழுத்தறிவித்தபோது, அவர்களின் வாழ்விலிருந்து திரட்டிய சொற்களையே முதற்பாடமாக்கினார். அத்தகைய சொற்களை அவர் ஆக்கச் சொற்கள் என்றார். செங்கல் என்ற சொல்லிலிருந்து வீடு, கூலி, உரிமை என்று உரையாடல் விரியும். ஆசிரியர் வைப்பிடுபவராகவும் மாணவர் வைப்பைப் பெறும் பெட்டியாகவும் அமையும் முறையை வங்கிமுறைக் கல்வி என்று அவர் கண்டித்தார். பணத்தைப் பற்றிய கதையையே நாம் வங்கிமுறையிற் கற்பிக்கிறோம் என்பது சிந்திக்கத்தக்கது. வைகொட்ஸ்கி 1934 இல் வெளிவந்த சிந்தனையும் மொழியும் என்ற நூலிலே, பிள்ளை வாழ்விற் பெறும் கருத்துக்களும் பள்ளியிற் பெறும் கருத்துக்களும் ஒன்றையொன்று சந்தித்தே வளர்கின்றன என்றார். அரைப்பெயரும் பெறுமதியும் ஒரே பலகையில் எழுதப்படும்போதுதான் அச்சந்திப்பு நிகழும்.

ஒரு மறுப்பும் முடிவும்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கதை இன்பத்திற்குரியது, குரங்கு மேளம் கொட்டும்போது சிரிக்கவேண்டிய பிள்ளையை நாவிதரின் கத்தியைப் பற்றி நினைக்கச் செய்வது கதையைக் கொல்வதாகாதா? இம்மறுப்பு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. பழைய நீதியை எடுத்துவிட்டு அவ்விடத்திற் புதிய நீதியை வைத்தால், நாமும் அருஞ்சொற்பட்டியலோடு வரும் ஆசிரியராகவே நிற்போம். சுரண்டல் என்ற சொல்லை எட்டு வயதுப் பிள்ளைக்கு மனனஞ் செய்யக் கொடுப்பது, சிக்கனம் என்ற சொல்லைக் கொடுப்பதிலும் பார்க்கச் சிறந்ததென்று கூறுவதற்கில்லை.

ஆயின் அன்று வாலைப் பற்றிக் கேட்டவள் சிரித்த பின்பே கேட்டாள். அவளுடைய வினா கதையைக் கொல்லவில்லை. கதை அவளுக்குள் உயிரோடு இருந்தமையாலேயே அது பிறந்தது. ஆசிரியர் செய்யவேண்டியது அவ்வினாவிற்கு இடம் விடுவதும், அதனைச் சொல்வதற்குத் தேவையான சொல்லை உரிய வேளையிற் கொடுப்பதுமே. கதையை முழுதாகச் சொல்லவேண்டும், தாளத்தோடு சொல்லவேண்டும், பின்னர் நீதியைச் சொல்லாதிருக்கவேண்டும். கதையிலுள்ள ஒவ்வொருவரும் எதைக் கொடுத்தார், எதைப் பெற்றார், விரும்பிக் கொடுத்தாரா என்ற மூன்று வினாக்கள் போதும். அவற்றிற்கு விடை கூறும்போது பிள்ளை தன் வீட்டுச் சொல்லைப் பயன்படுத்தினால், அச்சொல்லையும் பலகையில் எழுதவேண்டும்.

பொன்னின் தரத்தை அறிய அதனைக் கல்லில் உரைப்பர். அத்தரத்திற்கு மாற்று என்று பெயர். சொல்வதற்கும் உரைத்தல் என்றே தமிழ் கூறும்; கொடுத்துப் பெறுவதற்கும் மாற்று என்றே கூறும். பிள்ளைக்கு நாம் கொடுக்கும் சொற்களும் அதன் வாழ்விலே உரைத்துப் பார்க்கப்படும். அவ்வேளையில் அவை மாற்றுக் குறையாது நிற்குமா என்பதை, அவற்றைப் பாடமாக்குமுன் நாமே உரைத்துப் பார்த்தல் தகும்.

அடுத்த விடுமுறையில் அதே வகுப்பிற்குச் செல்ல எண்ணியுள்ளேன். வால் முளைக்கவில்லை என்பதை அச்சிறுமிக்குச் சொல்லவேண்டும்.